மலையில், மழையில் ஓட ஒரு ஜெர்கின்: எதைப் பார்த்து வாங்குவது

சென்னையிலோ திருச்சியிலோ மழையில் ஓடுகிறவர் என்றால் இதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். அங்கே மழை கொட்டும்போதும் 25, 26 டிகிரி இருக்கும், நனைந்தால் சுகமாகத்தான் இருக்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜெர்கினும் பத்து நிமிடத்தில் உள்ளே வேர்த்து ஊற்றிவிடும். நான் எழுதுவது கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை மாதிரி இடங்களில் எஸ்டேட் சாலைகளிலும் மண் பாதைகளிலும் மூன்று நான்கு மணி நேரம் ஓடுகிறவர்களுக்கு. இமயமலைப் பக்கமோ ஐரோப்பாவுக்கோ போட்டிக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நவம்பர் காலையில் கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைப் பக்கம் ஓடினேன். நீலகிரியில் கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கமெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நனையும். கோத்தகிரியும் குன்னூரும் கிழக்கே பார்த்து இருப்பதால் அக்டோபர், நவம்பரில்தான் வாங்கிக் கட்டும். போட்டிருந்தது புதிதாக வாங்கிய மெல்லிய ஜெர்கின், உள்ளே சீட்டில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’, அதாவது ஓரளவுக்குத் தண்ணீர் தாங்கும், என்று இருந்தது, நானும் அது போதும் என்று நம்பிவிட்டேன். முதல் அரை மணி நேரம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு போனது. அப்புறம் தோளில் பை வார் அழுத்துகிற இடம் கருத்தது, அங்கிருந்து முழங்கை வரை ஈரம் இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் எதுவும் தெரியவில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் உடம்பு நடுங்க ஆரம்பித்தது, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க விரல் மடங்கவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன். வழியில் இருந்த டீக்கடை அக்கா என்னைப் பார்த்ததும் “என்ன தம்பி, உதடெல்லாம் இப்படி நீலம் பாரிச்சிருக்கு” என்று அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அன்றைக்கு அந்தக் கடை திறந்திருந்தது என் அதிர்ஷ்டம்.

அதற்கப்புறம்தான் ஒன்று புரிந்தது. ஓட்டக்காரருக்கு மழை ஜெர்கின் நனையாமல் இருப்பதற்கு அல்ல, குளிராமல் இருப்பதற்கு. ஒரு மணி நேரம் ஓடினால் எப்படியும் வேர்வையில் நனையத்தான் போகிறோம். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும், அந்த ஈரத்தின் மேல் காற்றும் அடித்தால் சூடு பறந்துவிடும். குளிர்ந்த மழை விடாமல் உள்ளே இறங்குவதையும், நனைந்த உடம்பில் காற்று அடிப்பதையும் தடுத்தால் ஜெர்கின் தன் வேலையைச் செய்துவிட்டது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2021 மே 22-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தின் நடுவில் வானிலை திடீரென்று மாறி, குளிர் மழையும் புயல் காற்றும் அடித்து, 21 பேர் இறந்துபோனார்கள். அந்தப் போட்டியில் காற்றைத் தடுக்கும் ஜெர்கின் கட்டாயச் சாமான் பட்டியலில் இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து மலைக்குப் போகும்போது வெயில் அடித்தாலும் என் பையில் ஒன்று இருக்கும்.

சரி, கடையில் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 10,000 மி.மீ. என்கிற மாதிரி. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்போது துணி கசியத் தொடங்குகிறது என்பதுதான் அது. 10,000 என்றால் பத்து மீட்டர், கிட்டத்தட்ட மூன்று மாடி உயரத் தண்ணீர். வெறும் மழைத்துளிக்கு இவ்வளவு வேண்டியதில்லை, ஆனால் பை வார் அழுத்தும் தோளுக்கும், ஈரப் பாறையில் உட்காரும் நேரத்துக்கும் வேண்டும். ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யூ.டி.எம்.பி. போட்டியின் சாமான் பட்டியலிலும் 10,000-ஐத்தான் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கிறார்கள், ஜெர்கினோடு சேர்ந்த, தலையை மூடும் ஹூட் வேண்டும், தையல்கள் அடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். எந்த நாட்டில் ஓடினாலும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 2,000, 3,000 என்று போட்டிருப்பது தூறலுக்குப் போதும், நீலகிரி மழைக்குப் போதாது.

இரண்டாவது எண் உள்ளே இருக்கும் ஆவி எவ்வளவு வெளியே போகும் என்பது. சிலர் ஒரு சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் என்று போடுவார்கள், அதில் பெரிய எண் நல்லது. சிலர் ஆர்.ஈ.டி. என்ற அளவைப் போடுவார்கள், அது துணி ஆவியை எவ்வளவு தடுக்கிறது என்பது, அதனால் அதில் சின்ன எண் நல்லது, யூ.டி.எம்.பி. 13-க்குக் கீழே இருக்கச் சொல்கிறது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 20,000 கிராம் என்று போட்ட நல்ல ஜெர்கின், 24-ஆல் வகுத்தால் மணிக்கு எண்ணூறு சொச்சம் கிராம். ஏற்றத்தில் ஓடுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வேர்ப்பது சாதாரணம். அந்த எண்ணூறும் ஆய்வுக்கூடத்தில், உள்ளே ஈரமும் வெளியே வறட்சியுமாக வைத்து எடுத்தது. நம் மலையில் மழை நேரத்தில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது ஆவி எங்கே போகும்? அதனால் எண்ணை நம்பி மொத்தக் காசையும் கொட்டாதீர்கள். முழு நீள ஜிப் இருந்தால், அதைத் தொப்புள் வரை இறக்கிவிட்டு ஏறும்போது வருகிற காற்று எந்தத் துணியையும்விட நன்றாக உலர்த்தும். அரை ஜிப் வைத்தவை பத்து இருபது கிராம் குறையும், எனக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகவில்லை. நெஞ்சுக்கு நேரே ஒரு பட்டன் இருந்தால் இன்னும் நல்லது, ஜிப்பைத் திறந்து விட்டாலும் ஜெர்கின் படபடவென்று பறக்காது.

துணியில் இரண்டரை அடுக்கு, மூன்று அடுக்கு என்று இரண்டு வகை அதிகம் கிடைக்கும். இரண்டரை அடுக்கில் உள்பக்கம் மெலிதாக ஒரு பூச்சு மட்டும்தான், எடையும் விலையும் குறைவு, ஆனால் வெறும் கையில் பட்டால் ஈர பிளாஸ்டிக் மாதிரி ஒட்டும். அதை வாங்கினால் உள்ளே மெல்லிய முழுக்கை டீஷர்ட் போட்டுக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை போய்விடும். மூன்று அடுக்கில் உள்ளே ஒரு மெல்லிய பின்னல் துணி இருக்கும், ஒட்டாது, நிறைய நாள் உழைக்கும். இப்போதெல்லாம் மூன்று அடுக்கிலேயே 200 கிராமுக்குக் கீழே வருகிறது, காசு இருந்தால் அதையே வாங்குங்கள்.

எடை விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் ஜெர்கின்கள் இருக்கின்றன, உள்ளங்கையில் அடங்கிவிடும், எடுத்துப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 7 டெனியர், 10 டெனியர் (டெனியர் என்பது நூலின் பருமன் அளவு) நூலில் நெய்த மெல்லிய துணி லான்டானா முள்புதரில் ஒரு உரசலுக்குத் தாங்காது, எஸ்டேட் ஓரமெல்லாம் லான்டானாதான். 150 முதல் 200 கிராம் வரை என்பது நம் ஊர்ப் பாதைக்குச் சரியான இடம். அதற்கு மேலே போனால் “இன்னைக்கு மழை வராது” என்று வீட்டில் வைத்துவிட்டுப் போவோம், அது இன்னும் ஆபத்து.

எண்களைவிட ஹூட்டுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். கடையில் ஜெர்கினைப் போட்டு, ஜிப்பை மோவாய் வரை ஏற்றி, ஹூட்டைப் போட்டுக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்புங்கள். தலையோடு ஹூட்டும் திரும்ப வேண்டும். தலை திரும்பி ஹூட் அங்கேயே நின்றால் ஒரு கண்ணால் துணியைத்தான் பார்த்துக்கொண்டு ஓடுவீர்கள். பின்னந்தலையில் இழுத்துக் கட்டும் எலாஸ்டிக் இருக்கிறதா, நெற்றிக்கு மேல் சின்ன விளிம்பு விறைப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்த விளிம்பு இல்லாமல் முடியவே முடியாது. இல்லையென்றால் உள்ளே ஒரு முனைத்தொப்பி போட்டு அதன் மேல் ஹூட்டைப் போடலாம், நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். அப்புறம் ஹூட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலடி ஓடிப் பாருங்கள், காதோரம் எவ்வளவு சரசரக்கிறது என்று தெரியும். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நிற்கும், பனியில் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, மூச்சு விடுகிற சத்தமும் செடி ஒடிகிற சத்தமும்தான் நம்மை எச்சரிக்கும். மழை எவ்வளவு பெய்தாலும் வளைவு வரும்போது நான் ஹூட்டை இறக்கிவிடுவேன். அதே பனியில் லாரிக்காரருக்கு நாம் தெரிய வேண்டும், அதனால் கறுப்பும் பச்சையும் வேண்டாம், ஆரஞ்சோ மஞ்சளோ எடுங்கள்.

தையலைப் பார்க்க ஜெர்கினை உள்பக்கம் திருப்புங்கள். எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும், தோள், ஹூட், அக்குள் எதுவும் விடாமல். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு ஓட்டை, துணி எத்தனை ஆயிரம் மி.மீ. தாங்கினாலும் தையல் வழியே தண்ணீர் வரும். என் கோத்தகிரி ஜெர்கினில் ஒரு தையலில்கூட டேப் இல்லை, திருப்பிப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

அளவு பார்க்கும்போது நீங்கள் ஓடுகிற பையையும் எடுத்துக்கொண்டு போங்கள். பைக்கு மேலே ஜெர்கின் போடுவீர்களா, உள்ளே போடுவீர்களா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மேலே போட்டால் பையில் இருப்பதும் நனையாது, மழை விட்டதும் பையைக் கழற்றாமலே ஜெர்கினை உருவிவிடலாம், பை வார் உரசித் துணி தேயாது. ஆனால் முதுகில் இடம் வேண்டும், ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டியிருக்கும். கையை இரண்டையும் மேலே தூக்குங்கள், இடுப்பு தெரியக் கூடாது. கைமுனை மணிக்கட்டைத் தாண்டி வந்தால் விரலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாத அந்தக் காலைக்கு அப்புறம் இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

துணியின் வெளிப்பக்கத்தில் தண்ணீரை உருள வைக்கும் பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஜெர்கின் ஒழுகுது’ என்று பலர் புகார் சொல்வது உண்மையில் ஒழுகல் அல்ல. அந்தப் பூச்சு தேய்ந்ததும் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், ஆவி வெளியே போகிற வழி அடைபடும், துணி சில்லென்று உடம்பில் ஒட்டும், உள்ளே தேங்குவதெல்லாம் நம் வேர்வைதான். பழைய பூச்சுகளில் ஃப்ளூரின் சேர்மங்கள் இருந்தன, மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் கிடப்பதால் இப்போது அவற்றை விலக்கி வருகிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரியிலிருந்து துணிகளில் அவற்றுக்குத் தடை போட்டிருக்கின்றன. மாற்றம் நல்லதுதான், எனக்கு அதில் முழு உடன்பாடு. ஆனால் புதுப் பூச்சு எண்ணெயையும் அழுக்கையும் அவ்வளவாகத் தாங்காது, அதனால் முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். துவைத்தால் கெட்டுவிடும் என்று சும்மா மாட்டி வைப்பதுதான் தப்பு. வாசனைத் திரவம், துணி மிருதுவாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல், இதற்கென்றே விற்கும் நிக்வாக்ஸ் மாதிரி சோப்பில் துவைத்து, நன்றாக அலசி, நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் சீட்டில் அனுமதி இருந்தால் மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம், தூங்கிப்போன பூச்சு மறுபடி எழுந்துகொள்ளும். ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் ஒரு வாரம் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், உள்பூச்சும் செதில் செதிலாக உரியும், அப்புறம் காப்பாற்ற முடியாது.

வாங்கி வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், உள்ளே வெளிர் சாம்பல் நிறப் பருத்தி பனியன் போட்டு, மேலே ஜெர்கினும் பையுமாக, ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நில்லுங்கள், கையை ஓடுகிற மாதிரி ஆட்டுங்கள். வாங்கிய இடத்தில் நனைந்ததைத் திருப்பி எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கழற்றினால் சாம்பல் பனியனில் ஈரம் எங்கே கறுத்திருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். கழுத்தில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, ஹூட்டை இறுக்கிக் கட்டினால் போதும். தோளிலோ ஜிப் ஓரமாகவோ கோடாக இறங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விலை கூடியதுதான் வேண்டும் என்பதில்லை. தேயிலை பறிக்கிற அக்காமார் பிளாஸ்டிக் தாளைக் கொங்காணி மாதிரி மடித்துப் போட்டு நாள் முழுக்க மழையில் நிற்கிறார்கள், அவர்களுக்குக் காற்றும் மழையும் உள்ளே வராமல் இருந்தால் போதும். டெகாத்லான் மாதிரி விளையாட்டுச் சாமான் கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குள் டேப் ஒட்டிய ஓட்ட ஜெர்கின் கிடைத்தால் அதிலேயே ஆரம்பியுங்கள், இரண்டு மழைக்காலம் ஓடிய பிறகு ஐந்திலக்க விலையைப் பற்றி யோசிக்கலாம். வண்டி ஓட்டும்போது போடுகிற பி.வி.சி. ரெயின்கோட் மட்டும் வேண்டாம், அதில் ஒரு ஏற்றம் ஓடினாலே வேர்வையில் குளித்துவிடுவீர்கள்.

பையில் ஜெர்கினை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், ஒரே இழுப்பில் கையில் வர வேண்டும். உடம்பு தொப்பலான பிறகு போட்டுப் பெரிய பயனில்லை, முதல் துளிகள் விழும்போதே ஒரு மரத்தடியில் நின்று போட்டுவிடுங்கள். கால் பிடித்து நடக்க வேண்டி வந்தாலோ, யாருக்காகவாவது காத்து நிற்க வேண்டி வந்தாலோ, மழையே இல்லாவிட்டாலும் எடுத்துப் போட்டு ஜிப்பை மோவாய் வரை ஏற்றிவிடுங்கள்.