கைப்பையை அடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

விமானத்திற்குள் எடுத்துச் செல்லும் கைப்பைக்கான அளவும் எடையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், பயணச்சீட்டை விற்ற நிறுவனத்தின் விதியை மட்டும் பார்க்காமல், விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனத்தின் விதியையும் பார்த்துவிடுவது நல்லது. இணைப்பு விமானம் இருந்தால், இரண்டில் எது கடுமையானதோ அதற்கேற்பப் பையை அமைத்துக்கொள்ளுங்கள். பையை அளக்கும்போது சக்கரங்கள், கைப்பிடி, வெளிப்பக்கப் பைகள் ஆகியவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். கடையில் ஒட்டப்பட்டிருக்கும் 'கேபின் பை' என்ற சீட்டை நம்புவதைவிட வீட்டிலுள்ள அளவுநாடாவை நம்பலாம்.

திரவங்களுக்குப் பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டர் வரம்பு இன்னும் நடைமுறையில் உள்ளது. இங்கே கணக்கில் கொள்ளப்படுவது புட்டியின் கொள்ளளவே என்பதால், 200 மில்லிலிட்டர் புட்டியின் அடியில் சிறிதளவே ஷாம்பு இருந்தாலும் அது அனுமதிக்கப்படாது. பற்பசை, களிம்பு, ஜெல் ஆகியவையும் திரவமாகவே கருதப்படும்.

பவர் பேங்க்கைச் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கக்கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி (மின்கலம் சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மில்லி ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும், 3.7 வோல்ட்டில் 20,000 என்று குறிக்கப்பட்டது 74 வாட்-மணிதான். இடமில்லை என்று கூறி விமான வாயிலில் உங்கள் கைப்பையைச் சரக்கறைக்கு வாங்கிக்கொண்டால், பவர் பேங்க்கையும் அன்றாட மருந்துகளையும் மறவாமல் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.