என்ஹெச்எஸ் பென்ஷன் கணக்கில் ஒரு வருஷம் காணோமா? சம்பள ஜிபிக்கள் செய்ய வேண்டியது

பேஸ்லிப்பில் மாதம் தவறாமல் பென்ஷன் பிடித்திருக்கிறார்கள். ஆனால் பென்ஷன் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்த்தால் ஒரு வருஷம் காலியாகக் கிடக்கிறது, இல்லையென்றால் தொகை குறைவாக இருக்கிறது. உடனே யாருக்காவது காட்டமாக ஒரு மெயில் தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கணக்கு எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் எழுதினால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். இடத்தைக் கண்டுபிடித்த பிறகு எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்தில் ஒரு பிராக்டிஸில், அதாவது குடும்ப மருத்துவரின் கிளினிக்கில், சம்பளத்துக்கு வேலை செய்யும் ஜிபிக்களுக்கு (குடும்ப மருத்துவர்களுக்கு). ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் கணக்கைப் பார்க்கும் அலுவலகங்கள் வேறு, வேல்ஸிலும் சில வேறு.

முதலில் பணமும் கணக்கும் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து பிடிப்பது பிராக்டிஸ். அந்தப் பிடித்தத்தையும் பிராக்டிஸ் தர வேண்டிய பங்கையும், பிராக்டிஸுக்கு வர வேண்டிய மாதப் பணத்திலிருந்து கழித்துக்கொள்வது பிசிஎஸ்இ, அதாவது பிரைமரி கேர் சப்போர்ட் இங்கிலாந்து. கடைசியில் உங்கள் பெயரில் கணக்கை வைத்திருப்பது என்ஹெச்எஸ் பிஎஸ்ஏ, அதாவது பிசினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டி. இதில் கவனிக்க வேண்டியது, பணம் ஒரு பாதையிலும் 'இது இன்னாருடைய பணம்' என்ற தகவல் இன்னொரு பாதையிலும் போகிறது என்பதுதான். பிராக்டிஸிடமிருந்து பணம் முழுதாகப் போயிருக்கும், ஆனால் உங்கள் கணக்கில் ஏறியிருக்காது. பெரும்பாலும் காணாமல் போவது பணமல்ல, தகவல்தான்.

அந்தத் தகவலைத் தருவது டைப் 2 சுயமதிப்பீட்டுப் படிவம். சம்பள ஜிபிக்கள் ஒவ்வொரு வருஷமும் இதை நிரப்பியாக வேண்டும், ஒரே பிராக்டிஸில் வருஷம் முழுக்க இருந்தாலும் சரி. மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக்கான படிவத்தை அடுத்த பிப்ரவரி கடைசிக்குள் அனுப்ப வேண்டும்: 2023-24க்கு 2025 பிப்ரவரி 28, 2024-25க்கு 2026 பிப்ரவரி 28. பிராக்டிஸ் மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அவர் பார்த்துக்கொள்ள மாட்டார், அது அவர் வேலையும் இல்லை, படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. ஆகவே ஒரு முழு வருஷமே காலி என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த வருஷத்துக்கு டைப் 2 அனுப்பினோமா என்பது. அனுப்பவில்லையா, இப்போது அனுப்புங்கள். தாமதமானாலும் அனுப்பாமல் இருப்பதைவிட மேல்.

இதே காரணத்தால் சமீபத்திய வருஷம் காலியாக இருந்தால் பதற வேண்டியதில்லை. போன மார்ச்சில் முடிந்த ஆண்டுக்குப் படிவக் கெடுவே இன்னும் வரவில்லை என்றால் ஸ்டேட்மென்ட்டில் அது எப்படி வரும்? அதற்கு முந்தைய ஆண்டுகளைத்தான் தோண்ட வேண்டும்.

சரி, தோண்டுவது எப்படி. ஒரு எக்செல் ஷீட் போதும். ஒரு நிதியாண்டுக்கு ஒரு வரி, ஏப்ரல் முதல் மார்ச் வரை. பக்கத்தில் பிராக்டிஸ் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பேஸ்லிப்படி பென்ஷனுக்குரிய சம்பளம், பிடித்த சதவீதம், பிடித்த தொகை, டைப் 2-வில் எழுதிய தொகை, ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் தொகை. ஒரே வருஷத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்திருந்தால் இரண்டு வரி. பன்னிரண்டு பேஸ்லிப்பும் கிடைக்காவிட்டால் மார்ச் மாதப் பேஸ்லிப் மட்டுமாவது வேண்டும், பெரும்பாலும் அதில் வருஷ மொத்தம் இருக்கும். பி60-ஐ (வருஷக் கடைசியில் வரும் சம்பள, வரிச் சான்றிதழ்) மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அதில் இருக்கும் வரிக்குரிய சம்பளம் பென்ஷன் பிடித்தம் போக மிச்சம், பென்ஷனுக்குரிய சம்பளம் அதைவிட அதிகம்.

ஷீட்டை நிரப்பிய பிறகு வித்தியாசத் தொகையை உற்றுப் பாருங்கள், காரணம் பல சமயம் அந்த எண்ணிலேயே ஒளிந்திருக்கும். உதாரணத்துக்கு 2021-22இல் பேஸ்லிப்படி பென்ஷனுக்குரிய சம்பளம் 58,400 பவுண்டு, ஸ்டேட்மென்ட்டில் 43,800 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 14,600, சரியாக நாலில் ஒரு பங்கு. மூன்று மாதம் கணக்கில் ஏறவில்லை, பெரும்பாலும் சேர்ந்த தேதியையோ விலகிய தேதியையோ யாரோ தவறாகப் போட்டிருக்கிறார்கள். அதே வருஷத்துக்கு ஸ்டேட்மென்ட்டில் 51,100 என்று இருந்தால் கதையே வேறு. 58,400-இல் உங்கள் பென்ஷன் பிடித்தம் 12.5 சதவீதம், அதாவது 7,300, அதைக் கழித்தால் 51,100. பி60 எண்ணைத் தூக்கி டைப் 2-வில் எழுதிவிட்டார்கள், அது நீங்களாகவே இருக்கலாம். வித்தியாசம் சின்னதாக, ஒரு ஒழுங்குமில்லாமல் இருந்தால் பின்தேதியிட்டு வந்த சம்பள உயர்வு, கூடுதல் செஷன் (அரைநாள் வேலை), அவுட் ஆஃப் அவர்ஸ் (இரவு, வார இறுதி) வேலை என்று தேடுங்கள். அவுட் ஆஃப் அவர்ஸ் வேலைக்கு சோலோ படிவம் தனியாகப் போக வேண்டும், அது போகாமல் நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

பிழை மாதிரித் தெரிந்தாலும் பிழை இல்லாதவை சில உண்டு. லோக்கம் (தற்காலிக மாற்று மருத்துவர்) கட்டணம் 10,000 பவுண்டு என்றால் கணக்கில் 9,000தான் வரும், பத்து சதவீதம் செலவு என்று கழித்துத்தான் பென்ஷனுக்கு எடுத்துக்கொள்வார்கள். முதலாளி பங்கு 2024 ஏப்ரல் முதல் நிர்வாகக் கட்டணத்தோடு சேர்த்து 23.78 சதவீதம். ஆனால் பிராக்டிஸ் நேரடியாகக் கட்டுவது 14.38, மிச்சத்தை என்ஹெச்எஸ் இங்கிலாந்து மையத்திலிருந்து கட்டிவிடுகிறது. பேஸ்லிப்பில் 14.38 இருப்பதைப் பார்த்து பிராக்டிஸோடு சண்டைக்குப் போக வேண்டாம். சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பில் உங்கள் பிடித்தம் கைக்கு வந்த சம்பளத்தில்தான் போகும், ஆனால் பென்ஷன் விடுப்புக்கு முந்தைய சம்பளக் கணக்கில் சேர வேண்டும். அந்த வருஷத்தில் ஸ்டேட்மென்ட் தொகை பேஸ்லிப்பைவிடக் கூடுதலாக இருந்தால் சரி, பேஸ்லிப் அளவுக்கே இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இனி சதவீதத் தகராறு. இதுதான் கையைக் கடிக்கும். இரண்டு பிராக்டிஸில் வேலை செய்கிறீர்கள், ஒன்றில் 40,000, இன்னொன்றில் 30,000. 2024-25 விகிதப்படி முதல் பிராக்டிஸ் தன் சம்பளத்தை மட்டும் பார்த்து 9.8 சதவீதம் பிடிக்கும், இரண்டாவது 8.3 பிடிக்கும். ஆனால் உங்கள் விகிதம் மொத்தம் 70,000-ஐ வைத்து 12.5. ஒன்றில் 1,080, மற்றதில் 1,260, ஆக 2,340 பவுண்டு பாக்கி. இது யாருடைய மோசடியும் அல்ல, ஒரு பிராக்டிஸுக்கு இன்னொன்றின் சம்பளம் தெரியாது, அவ்வளவுதான். ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு மேனேஜருக்கும் 'என் விகிதம் இது' என்று எழுத்தில் சொல்லிவிட்டால் இந்த பாக்கி சேராது. அப்புறம் வருஷத்தின் பாதியில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 2015-இல் தொடங்கிய புதிய என்ஹெச்எஸ் பென்ஷன் திட்டத்தில் (2015 திட்டம்) விகிதத்தை முடிவு செய்ய வருமானத்தை முழு ஆண்டுக்கு நீட்டிப் பார்ப்பார்கள். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 35,000 சம்பாதித்தவருக்கு 70,000 சம்பாதித்தவரின் விகிதம். பிடிப்பது 35,000-இல்தான், ஆனால் 12.5 சதவீதம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், ஆனால் வருஷம் முழுக்க வேலை செய்கிறவருக்கு இந்த நீட்டல் கிடையாது. பாக்கி கேட்டு கடிதம் வந்தால் வருஷவாரியாக எந்த வருமானத்தில் எந்த விகிதம் என்ற கணக்கைக் கேட்டு வாங்கி, உங்கள் ஷீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது, பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், ஜிஎம்சி (மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவில் வரிசை மாறியிருக்கும், முதல் வேலையில் இன்ஷியலோடு ஒரு மாதிரி, கல்யாணத்துக்குப் பிறகு வேறு மாதிரி. இந்த ஊருக்கு வந்த புதிதில் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் வருவதற்கு முன்பே மருத்துவமனையில் சம்பளம் வாங்கத் தொடங்கியவர்களும் உண்டு. விளைவு, ஒரே ஆளுக்கு இரண்டு பென்ஷன் கணக்கு. எஸ்டி என்று தொடங்கும் உறுப்பினர் எண் பழைய பேப்பர்களிலும் இப்போதைய ஸ்டேட்மென்ட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் பிறந்த தேதி, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், பெயர் மாறியதற்கான சான்று இவற்றோடு இரண்டையும் இணைக்கச் சொல்லி என்ஹெச்எஸ் பிஎஸ்ஏவுக்கு எழுத வேண்டும். இதற்கு பிசிஎஸ்இயிடம் போய்ப் பயனில்லை. அதே மாதிரி மருத்துவமனை வேலைக் காலத்து ஓட்டைக்கு அந்த மருத்துவமனையை நடத்தும் டிரஸ்ட்டின் பென்ஷன் பிரிவுதான் பொறுப்பு.

இப்போது எழுதலாம். பிராக்டிஸுக்கு முதல் மெயில்: இந்த ஆண்டு எனக்காகப் பிடித்த தொகை, உங்கள் பங்கு, பிசிஎஸ்இக்குக் கொடுத்த சேர்ந்த தேதி, விலகிய தேதி, இந்த நான்கும் வேண்டும் என்று கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், உங்களுக்கு வேண்டியது அவர்களிடம் இருக்கும் காகிதம். பதில் வந்ததும் பிசிஎஸ்இ இணையதளத்தின் விசாரணைப் படிவத்தில் ஒரு ஆண்டுக்கு ஒரு விசாரணை என்று போடுங்கள். ஆறு வருஷத்தை ஒரே மெயிலில் திணித்தால் ஒரு வருஷத்துக்கு மட்டும் பதில் சொல்லி மூடிவிடும் அபாயம் இருக்கிறது. முதல் வரியில் ஆண்டு, உறுப்பினர் எண், 'கணக்கில் இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு இருக்க வேண்டும், வித்தியாசம் இவ்வளவு'. அடுத்த வரியில் காரணம் என்று நீங்கள் நினைப்பது. மார்ச் பேஸ்லிப்பையும் டைப் 2 நகலையும் இணைத்துவிடுங்கள். கிடைக்கும் எண்ணைப் பத்திரமாக வையுங்கள், நினைவூட்டும்போது அதே எண்ணில்தான் நினைவூட்ட வேண்டும், புதிதாக ஒன்று திறந்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

பிராக்டிஸ் மூடிப்போயிருந்தால் அல்லது இன்னொன்றோடு இணைந்துவிட்டால், கணக்கை எடுத்துக்கொண்ட பிராக்டிஸையோ பழைய அக்கவுன்டன்டையோ பிடியுங்கள். பேஸ்லிப்பும் இல்லையா, ஹெச்எம்ஆர்சி (வரித்துறை) கணக்கில் கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான சம்பள விவரம் இருக்கும், அதோடு வங்கிக் கணக்கில் விழுந்த நிகரச் சம்பளத்தையும் சேர்த்து ஒரு கட்டு. லோக்கம் வேலை மட்டும் வேறு ரகம்: வேலை முடிந்த 10 வாரத்துக்குள் படிவங்கள் போயிருக்க வேண்டும், போகாவிட்டால் அந்த வேலைக்குப் பென்ஷன் கிடைக்காமலே போகலாம். அதில் அதிகம் மல்லுக்கட்டாமல் மற்ற வருஷங்களுக்கு நேரத்தைச் செலவழிப்பதே என் யோசனை.

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று தோன்றினால் ஒரு கணக்கு. 2015 திட்டத்தில் வருஷ வருமானத்தில் 54-இல் ஒரு பங்கு பென்ஷனாகச் சேர்கிறது. 60,000 பவுண்டு உள்ள ஒரு வருஷம் காணாமல் போனால் ஆண்டுக்கு 1,111 பவுண்டு பென்ஷன் போச்சு, வாழ்நாள் முழுக்க. அதுவும் வேலையில் இருக்கும்வரை விலைவாசியோடு 1.5 சதவீதம் கூடி வளர வேண்டிய தொகை. 2015 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான வருஷங்களில் ஓட்டை இருந்தால் அதை முதலில் எடுங்கள். 2012 மார்ச் 31-க்குள் என்ஹெச்எஸ் பென்ஷனில் சேர்ந்திருந்தால், மெக்லவுட் தீர்வின்படி (புதிய திட்டத்துக்கு மாற்றிய விதத்தில் வயது பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னதற்கான பரிகாரம்) அந்த ஏழு ஆண்டுகளுக்குப் பழைய திட்டமா புதிய திட்டமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், தப்பான எண்ணை வைத்துக்கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது?

பதிலே வரவில்லை, அல்லது வந்த பதில் உதவவில்லை என்றால் விசாரணையைப் புகாராக மாற்றுங்கள், புகார் என்ற சொல்லை மெயிலில் எழுத்திலேயே போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் என்ஹெச்எஸ் பிஎஸ்ஏவின் உள்தகராறு நடைமுறை, அதன் பிறகு பென்ஷன்ஸ் ஆம்புட்ஸ்மேன். அங்கே கட்டணம் இல்லை, ஆனால் பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்ததிலிருந்து மூன்று வருஷம் என்ற வரம்பு உண்டு, அதனால் முதல் மெயிலின் தேதியைக் குறித்து வையுங்கள். பிஎம்ஏ (மருத்துவர் சங்கம்) உறுப்பினராக இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள், சந்தா கட்டுவது எதற்கு.

திருத்திவிட்டோம் என்று பதில் வந்தாலும் ஷீட்டை மூட வேண்டாம். ஸ்டேட்மென்ட் புதுப்பிக்கப்பட்ட பிறகு உள்ளே போய் அந்த வருஷத்தின் எண்ணைக் கண்ணால் பாருங்கள், பக்கத்து வருஷங்களையும் சேர்த்து, ஏனென்றால் ஒன்றைத் திருத்தப் போய் பக்கத்தில் இருப்பதைக் கலைத்துவிடுவதும் உண்டு. ஒரு வருஷத்தில் கூடுதல் வரியில்லாமல் பென்ஷனில் சேரக்கூடிய வரம்பான 60,000 பவுண்டை நெருங்குகிறவர்கள் திருத்திய கணக்கின்படி புதிய பென்ஷன் சேமிப்பு அறிக்கை ஒன்றையும் கேட்டு வாங்கி அக்கவுன்டன்டிடம் கொடுத்துவிடுங்கள்.