கடலோரப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இந்தியா வெண்கலம் வென்றது. ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மதுரை பஸ் ஏறிப் போய்வருகிற தூரம்தான். மட்டை பிடிக்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு விளையாட்டு ஆசிரியரோ, பழைய ஆட்டக்காரரோ முன்வந்தால் அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளின் ஆட்டத்தில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை நாம் பயிற்சி நடத்தும் விதத்திலிருந்தே வருகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் விட வேண்டியது வரிசை. இருபது பிள்ளைகள், இரண்டு பந்து, நீளமாக ஒரு வரிசை. முன்னால் நிற்கிறவன் கூம்புகளைச் சுற்றிப் பந்தை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புகிறான், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் முடியும்போது ஒவ்வொருவர் மட்டையிலும் பந்து இருந்தது சில நிமிடங்கள்தான். அதிலும் கூம்பு குறுக்கே வந்து பந்தைப் பறிக்கப் போவதில்லை. பயிற்சியில் அழகாக ஓட்டுகிற பையன், ஆட்டத்தில் ஒருத்தன் எதிரே வந்ததும் தடுமாறுவது இதனால்தான். அவனிடம் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். எதிராளியைப் பார்த்து முடிவெடுக்க அவனுக்கு நாம் சந்தர்ப்பமே தரவில்லை என்பதுதான் உண்மை.

ஐஸ் ஹாக்கி ஆடும் நாடுகள் இந்தச் சிக்கலை நம்மைவிட முன்பே யோசித்திருக்கின்றன. அமெரிக்க ஐஸ் ஹாக்கி சங்கம் 2009-ல் பிள்ளைகளுக்கான புதிய பயிற்சி முறையைக் கொண்டுவந்தது. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களை 200 அடி நீளப் பனித்தளம் முழுக்க ஓடவிடாமல், தளத்தைக் குறுக்கே பிரித்துச் சின்னச் சின்ன ஆட்டங்களாக ஆட வைத்தார்கள். இடம் குறைந்தால் பக் (அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) அடிக்கடி மட்டைக்கு வரும், எதிராளியும் பக்கத்திலேயே இருப்பான், உடனே முடிவெடுத்தாக வேண்டும். நம் மண் மைதானத்துக்கு இது அப்படியே பொருந்தும். முழு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினொரு பேராக அதில் இறக்கினால், ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்குப் பந்து எப்போதாவதுதான் வரும். மைதானத்தை நான்காகப் பிரித்து, மூன்று பேருக்கு எதிராக மூன்று பேரை ஆட விடுங்கள். கோலுக்கு ஒரு ஜோடி செருப்பு போதும்.

எல்லோரும் பந்தின் மேல் மொய்க்கிறார்கள் என்று புகார் சொல்லாத பயிற்சியாளர் இல்லை. "உன் இடத்துல நில்லுடா" என்று கத்தினால் அவன் அங்கேயே நிற்பான், அவ்வளவுதான். எப்போது நகர வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. இதை ஆட்டத்தின் விதியை வைத்தே சரிசெய்யலாம். சின்ன ஆட்டத்தில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கோல் வையுங்கள், ஒன்று இடது ஓரம், இன்னொன்று வலது ஓரம். ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தால் மறுபக்கம் காலியாகும். நாம் சொல்லாமலேயே பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்குவார்கள். அப்புறம், ஆட்டம் ஓடும்போது வெளியிலிருந்து கத்தாதீர்கள். நம் குரலுக்குப் பழகிய பிள்ளை, பந்து வந்ததும் மைதானத்தைப் பார்க்காமல் நம் முகத்தைத்தான் பார்க்கும்.

மட்டை விஷயத்தில் அண்ணன் மட்டையைத் தம்பிக்குக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். மட்டை ஏறக்குறைய இடுப்பு உயரம் இருந்தால் சரி. நீளமான மட்டையை வைத்துக்கொண்டு பிள்ளை குனிய முடியாது, குனியாமல் பந்தைக் கட்டுப்படுத்த முடியாது. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது இன்னொரு தவறு. ஐஸ் ஹாக்கியில் இடது, வலது என்று தனித்தனி மட்டை உண்டு. நம் ஹாக்கியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மட்டைதான், அதன் உருண்டையான பின்பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. மேலே பிடிக்கும் இடது கைதான் மட்டையைத் திருப்புகிறது. ஆகவே இடது கைக்காரருக்கு இதில் குறை எதுவும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் வசதிதான்.

கடலோர மைதானம் என்றால் மணலும் மேடுபள்ளமும் இருக்கும். இங்கே தொடக்கத்திலேயே ஓங்கி அடிக்கக் கற்றுக்கொடுப்பது ஆபத்து. பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது, கல்லில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. புஷ் (மட்டையை ஓங்காமல் பந்தைத் தள்ளிவிடுவது), பந்தை நிறுத்துவது, மட்டையைத் தாழ்வாக வைப்பது, இவைதான் முதலில். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பந்தே போதும். முன்னங்காலுக்கு ஷின் கார்டும் பல்லுக்கு மவுத் கார்டும் இல்லாமல் நிஜப் பந்தில் ஆட விடவே கூடாது. சரியாக ஓட முடியாத பிள்ளையைக் கவசம் எதுவும் தராமல் கோலில் நிறுத்துகிற பழக்கத்தையும் இன்றே விட வேண்டும். டிவியில் டிராக் ஃப்ளிக் (பந்தை மட்டையோடு இழுத்துவந்து கோலை நோக்கி வேகமாக வீசுவது) பார்த்துவிட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டாம். இடுப்பும் முதுகும் முறுகித் தாங்குகிற அடி அது.

தாமதமாக வருகிறவனுக்கு ஐந்து ரவுண்ட் ஓட்டம் தண்டனை என்பதும் பழைய பழக்கம். அப்பாவின் படகு கரைக்கு வரும் நேரத்தில் கை கொடுத்துவிட்டு ஓடிவருகிற பையனை மறுநாள் வராமல் செய்துவிடும் அது. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டத்தின் மீதே வெறுப்பு வரும். தாமதமாக வந்தவனை நேராக ஒரு சின்ன ஆட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். வருடத்தின் நல்ல பயிற்சிக் காலம் இதுதான். ஆனால் வெயிலை மறக்கக் கூடாது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுங்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு, அதனால் குடிநீர்க் கேன் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மைதானம் சேறானால் பள்ளி வராந்தாவிலேயே பந்தைத் தட்டிக்கொடுத்து வாங்கப் பழகலாம்.

போட்டி நாளில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் பெரியது. உயரமான மூன்று பேரை முழு நேரமும் ஆட வைத்து, மற்றவர்களைத் தண்ணீர் கொடுக்க உட்கார வைப்பது. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே போனவர் திரும்பவும் வரலாம். பெனால்டி கார்னர் (தடுக்கும் அணி கோலுக்குப் பக்கத்தில் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) நடக்கும்போது மட்டும் மாற்ற முடியாது. ஐஸ் ஹாக்கியில் ஒருவர் ஒரு நிமிடம் போல ஆடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் புதுத் தெம்போடு இறங்குவார். நாம் அவ்வளவு வேகமாக மாற்ற வேண்டியதில்லை. நான்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினாலே கடைசிக் கால்பகுதியில் யாருக்கும் மூச்சு வாங்காது. பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்குத் தன் முறை எப்போது என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்று பல பயிற்சியாளர்கள் வருத்தப்படுகிறார்கள். நேரத்தையும் பாருங்கள். மாலைப் பயிற்சி இருட்டும் வரை நீண்டால் எந்த அம்மா அனுப்புவார்? ஐந்தரைக்கு முடித்து, ஊர் பஸ் வரும்வரை கூட நின்று ஏற்றிவிட ஓர் ஆசிரியை இருந்தால், கேட்கிற வீட்டில் பாதிக்கு மேல் சரி என்பார்கள்.