வெளிநாட்டில் வாடகைக் கார்: எக்ஸஸ் காப்பீட்டைக் கிளம்பும் முன்பே வாங்குவது எப்படி

பிரிட்டனிலிருந்து மலகா, ஃபாரோ, பால்மா என்று விடுமுறைக்குப் போய் விமான நிலையத்தில் கார் எடுப்பவர்களிடம் கவுண்டரில் தவறாமல் கேட்பார்கள்: "முழுக் காப்பீடு போட்டுவிடலாமா?" நாளுக்கு 20, 25 யூரோ வரும். சீசன் இல்லாத நாட்களில் இது கார் வாடகையையே மிஞ்சிவிடும். ஊரிலேயே தனியாக எக்ஸஸ் பாலிசி (கார் சேதத்தில் உங்கள் தலையில் விழும் தொகையைத் திரும்பத் தரும் காப்பீடு) வாங்கினால் நாளுக்குச் சுமார் 3 முதல் 5 பவுண்டுதான். வருடத்துக்கு இரண்டு தடவை கார் எடுப்பவர்கள் ஆண்டு பாலிசி வாங்குவதே லாபம்.

ஐரோப்பாவில் வாடகையோடு அடிப்படைக் காப்பீடு சேர்ந்தே வரும். அடுத்தவருக்கு ஏற்படும் சேதம், உங்கள் காருக்கு ஏற்படும் சேதம், திருட்டு ஆகியவை அதில் அடங்கும். ஆனால் காருக்குச் சேதம் என்றால் முதல் 1,000 அல்லது 1,500 யூரோ உங்கள் பொறுப்பு. அதுதான் எக்ஸஸ். நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டு ஓடிப்போனாலும் அந்தத் தொகையை உங்களிடம்தான் வசூலிப்பார்கள். டயர், ரிம், கண்ணாடி, கூரை, அடிப்பாகம் ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் அடிப்படைக் காப்பீட்டிலேயே சேர்ப்பதில்லை. அவற்றுக்கு முழுச் செலவும் உங்களுடையது. நடைபாதை ஓரத்தில் ரிம் உரசுவதும், கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விடுவதும்தான் விடுமுறையில் அதிகம் நடப்பவை. அதனால் பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, இந்த ஐந்தும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதை.

வாங்கும்போது இன்னும் சிலவற்றைப் பாருங்கள். சாவி தொலைவது, தவறான எரிபொருள் நிரப்புவது, கட்டி இழுத்துச் செல்லும் செலவு, நிறுவனம் தனியாகப் போடும் நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்தியா? ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு? அது உங்கள் காரின் எக்ஸஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஆண்டு பாலிசி என்றால் ஒரு வாடகை அதிகபட்சம் எத்தனை நாள் இருக்கலாம் என்ற வரம்பும் உண்டு, பல பாலிசிகளில் 31 நாள். பாலிசியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் முதன்மை ஓட்டுநர் ஒருவராகவே இருக்க வேண்டும். சாவியைக் கையில் வாங்கிய பிறகு பாலிசி எடுத்தால் செல்லாது. ஆகவே கார் புக் செய்த அன்றே இதையும் முடித்துவிடுங்கள்.

பிரிட்டனில் விற்கும் பாலிசிகள் பொதுவாக அங்கே வசிப்பவர்களுக்கானவை. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்திருக்கும் மைத்துனரும் ஓட்டப்போகிறார் என்றால் அவர் பெயரை வாடகை ஒப்பந்தத்தில் சேர்த்தாக வேண்டும். அவரையும் பாலிசி ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டியபோது அடிபட்டால் ஒரு காசு கிடைக்காது.

இனி, பலர் தடுமாறும் இடம். இந்தப் பாலிசியைக் கவுண்டரில் நீட்டினால் "இது இங்கே செல்லாது" என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சரிதான், ஏனென்றால் பாலிசி உங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். சேதம் ஏற்பட்டால் வாடகை நிறுவனம் உங்கள் கார்டிலிருந்து பணத்தை எடுக்கும், நீங்கள் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் திரும்ப வாங்குவீர்கள். புக்கிங் தளங்கள் விற்கும் "முழுப் பாதுகாப்பு"ம் பெரும்பாலும் இதே வகைதான்.

ஆகவே டெபாசிட் எப்படியும் பிடிப்பார்கள். முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், அதில் எக்ஸஸ் அளவுக்காவது காலி வரம்பு இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல கவுண்டர்கள் டெபாசிட்டுக்கு ஏற்பதில்லை. வரம்பு போதாவிட்டால் அவர்கள் காப்பீட்டை வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. பாலிசி வாங்கியும் இரட்டைச் செலவு செய்பவர்கள் மாட்டுவது இங்கேதான். கையெழுத்துப் போடச் சொல்லித் திரையை நீட்டினால் மொத்தத் தொகையைப் படியுங்கள். புக்கிங்கில் இல்லாத காப்பீடு சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லி, திருத்திய ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள். பவுண்டிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்று சொல்லுங்கள், அவர்கள் மாற்று விகிதம் கூடுதலாகவே இருக்கும்.

காரை நகர்த்தும் முன் நல்ல வெளிச்சத்தில் சுற்றிலும் வீடியோ எடுங்கள். பிறகு நான்கு ரிம்களையும் குனிந்து தனித்தனியாக, முன் பம்பரின் அடிவிளிம்பு, கண்ணாடி, கூரை, டேஷ்போர்டில் ஓடிய தூரமும் எரிபொருள் அளவும். தாளில் குறிக்காத கீறலை ஊழியரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே வேலைதான். அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவதைக் கூடியவரை தவிருங்கள். மறுநாள் அவர்கள் பார்க்கும்வரை கார் உங்கள் பொறுப்பு என்றே பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

கார் அடிபட்டால் உடனே வாடகை நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். ரிம்மோ டயரோ சரிசெய்து வாங்க நீங்களே ஒர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள், அனுமதியில்லாத பழுதுபார்ப்புக்குப் பணம் தரமாட்டார்கள். இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டிருந்தால் டேஷ்போர்டு அறையில் இருக்கும் ஐரோப்பிய விபத்துப் படிவத்தை இருவரும் நிரப்ப வேண்டும். எந்த மொழியில் இருந்தாலும் கட்டங்களின் வரிசை ஒன்றே. எழுதியிருப்பது ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருந்தால் மட்டும் கையெழுத்து. திருட்டு, இடித்துவிட்டு ஓடியது என்றால் போலீஸ் அறிக்கை வாங்குங்கள்.

கிளெய்முக்கு வாடகை ஒப்பந்தம், எடுத்தபோதும் கொடுத்தபோதும் தந்த தாள்கள், சேத அறிக்கை, பழுதுச் செலவின் விவரமான பில், பணம் எடுக்கப்பட்டதைக் காட்டும் கார்டு ஸ்டேட்மென்ட், ஓட்டுநர் உரிமத்தின் நகல் எல்லாம் கேட்பார்கள். பெரும்பாலும் தாமதமாவது பில்லினால்தான். "சேதம் 350 யூரோ" என்ற ஒற்றை வரி போதாது, எந்தப் பாகம், எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். கெடு பாலிசிக்குப் பாலிசி மாறும் என்பதால், ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே கிளெய்மைத் தொடங்கிவிடுவது நல்லது. மது, பட்டியலில் இல்லாத ஓட்டுநர், மண்பாதை, அனுமதியில்லாமல் எல்லை தாண்டுதல் ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பாலிசிகள் உதவாது.

அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு எக்ஸஸ் பாலிசி மட்டும் போதாமல் போகலாம். அங்கே அடிப்படைக் காப்பீடே வாடகையில் இல்லாமல் இருக்கலாம், அடுத்தவருக்கான பொறுப்புத் தொகையும் குறைவாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்கள் தனிப் பாலிசி தேடும் முன் தங்கள் பயணக் காப்பீட்டைப் பிரித்துப் பார்க்கட்டும், வாடகைக் கார் எக்ஸஸ் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும்.

பிரிட்டன் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ காப்பீடு, வங்கி போன்ற நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம். இறுதிப் பதில் தேதியிலிருந்து 6 மாதம் அவகாசம் உண்டு, கட்டணம் கிடையாது.