பழைய சவாரியைச் சீர்செய்வதா, மாற்றுவதா: பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

பூங்கா ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஓடும் ரோலர் கோஸ்டரின் வயதைக் கேட்டால், இருபத்தைந்து என்று சொல்வது பெரும்பாலும் தவறான விடையாகவே இருக்கும். அதன் கான்கிரீட் அடித்தளத்துக்கும் எஃகுத் தூண்களுக்கும் அந்த வயது இருக்கலாம். பெட்டிகள் இடையில் ஒருமுறை மாற்றப்பட்டிருக்கும். சக்கரங்களின் வயது சில மாதங்கள்தான். கட்டுப்பாட்டு அறையில் சவாரியை இயக்கும் பி.எல்.சி. என்ற சிறு தொழிற்சாலைக் கணினியோ, தயாரித்த நிறுவனமே உதிரிபாகம் தருவதை நிறுத்திவிட்ட அளவுக்குக் கிழடாகியிருக்கும். ஆகவே சீர்செய்வதா, மாற்றுவதா என்ற கேள்வியைச் சவாரி முழுவதற்கும் சேர்த்துக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். பராமரிப்புப் பொறியாளரையும், செலவுக்கு ஒப்புதல் தர வேண்டிய நிர்வாகியையும் மனத்தில் வைத்து, அந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

முதலில் கோப்புகள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கோப்புகளை எடுக்க வேண்டும். தயாரிப்பாளர் தந்த வரைபடங்கள், சுமைக் கணக்குகள், விற்பனைக்குப் பிறகு அவர் அனுப்பிய எச்சரிக்கைச் சுற்றறிக்கைகள், அன்றாடப் பராமரிப்புப் பதிவேடு, எந்த இடத்தில் எப்போது வெல்டிங் செய்யப்பட்டது என்ற குறிப்பு ஆகிய ஐந்தும் கையில் இல்லாமல் தொடங்கும் ஆய்வு, நோயாளியின் பழைய மருத்துவச் சீட்டுகளைப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம்.

இவற்றிலிருந்து எடுக்க வேண்டிய முதன்மையான எண், ஓடிய ஆண்டுகள் அல்ல, ஓடிய சுற்றுகள். உலோகம் திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்வதால்தான் சோர்வடைகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று, நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 72,000 சுற்றுகள் வரும். இருபது ஆண்டுகளில் அது 14 லட்சத்தைத் தாண்டும். வார இறுதியில் மட்டும் கூட்டம் காணும் பூங்காவில் இதே சவாரி இதே இருபது ஆண்டுகளில் அதில் பாதிகூட ஓடியிருக்காது. இரண்டையும் 'இருபது ஆண்டுப் பழசு' என்ற ஒரே பெயரில் அழைப்பது கணக்கைக் குழப்பிவிடும்.

தயாரிப்பு நிறுவனமே இன்று இல்லை என்றால் என்ன செய்வது? உலகின் முதல் குழாய் எஃகுத் தண்டவாள ரோலர் கோஸ்டரான, 1959இல் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட மேட்டர்ஹார்னை உருவாக்கிய ஆரோ நிறுவனமே 2001இல் திவாலானது. மறு ஆண்டு அதன் சொத்துகளை எஸ் அண்ட் எஸ் நிறுவனம் வாங்கியது. இப்படி உரிமை கைமாறிய இடத்தைத் தேடிப் பிடிப்பது முதல் வழி. அதுவும் கிடைக்காவிட்டால், சுயேச்சையான கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சவாரியை அளந்து, புதிதாக வரைபடமும் சுமைக் கணக்கும் தயாரித்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து இரண்டாம் கையாக வாங்கிய சவாரிகளுக்கு இந்தச் செலவைக் கொள்முதல் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. பதிவேடு இல்லாத மலிவான சவாரி மலிவானதாக நீடிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத சேதம்

ஆய்வின் பெரும்பகுதி நேரமும் பணமும் இங்கேதான் செலவாக வேண்டும். 2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கண்காட்சியில் 'ஃபயர் பால்' என்ற ஊசல் சவாரியின் இருக்கை வரிசை ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிய்ந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். சவாரிக்கு அப்போது வயது 18. ஆய்வாளர்கள் பார்த்து அனுமதி தந்த சவாரிதான் அது. இருக்கைகளைத் தாங்கிய உத்திரத்தின் உட்புறத்தில் ஆண்டுக்கணக்கில் துரு அரித்து, சுவரின் தடிமன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது என்று தயாரிப்பாளரான கே.எம்.ஜி. பின்னர் தெரிவித்தது. வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்திருக்கும்.

ஆகவே உள்ளீடற்ற ஒவ்வொரு குழாயையும் உத்திரத்தையும் அல்ட்ராசோனிக் தடிமன் மானியால் ஒரே புள்ளியில் தொட்டுப் பார்த்து விட்டுவிடாமல், கட்டம் கட்டமாக அளந்து, கிடைத்த எண்களை மூல வரைபடத்தின் தடிமனோடு ஒப்பிட வேண்டும். நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடைபட்ட குழாயின் அடிப்பகுதியில்தான் துரு முதலில் வேலையைத் தொடங்குகிறது. தூணின் அடித்தகடு கான்கிரீட்டைத் தொடும் இடமும், தூணை அடித்தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளும் இதே கவனத்தைக் கோருபவை. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருப்பதைப் போன்ற கடலோரப் பூங்காக்கள், உப்புக் காற்றின் காரணமாக இந்த அளவீட்டை உள்நாட்டுப் பூங்காக்களைவிட அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

விரிசல் வேறு வகைச் சேதம். அது பெரும்பாலும் வெல்டிங் இணைப்பின் ஓரத்தில் பிறக்கிறது. அங்கே பெயின்ட் இருக்கும்வரை எந்தப் பார்வைச் சோதனையையும் நம்ப முடியாது. எஃகுப் பாகங்களுக்கு, காந்தமேற்றி இரும்புத் துகள் தூவிப் பார்க்கும் காந்தத் துகள் சோதனையும், அலுமினியம் போன்ற காந்தம் பற்றாத உலோகங்களுக்குச் சாயம் ஊடுருவும் சோதனையும் பொருந்தும். மணலைப் பீய்ச்சிப் பெயின்டை அகற்றும்போது மெல்லிய விரிசலின் வாய் நசுங்கி மூடிக்கொண்டால் சாயம் உள்ளே இறங்காது. சாயச் சோதனை செய்ய வேண்டிய இணைப்புகளில் ரசாயனத்தால் பெயின்டை உரிப்பதே சரி. எந்தச் சூழ்நிலையிலும் சோதனை முடிந்த பிறகுதான் புதுப் பெயின்ட் பூச வேண்டும். இந்த வரிசையை மாற்றிய பூங்காக்கள், விரிசலைத் தாங்களே மூடி மறைத்துவிட்டுத் தேடியிருக்கின்றன.

சக்கர அச்சுகளைக் கழற்றித்தான் சோதிக்க வேண்டும். ஜப்பானின் ஒசாகாவில் இருந்த எக்ஸ்போலேண்ட் பூங்காவில் 2007 மே 5 அன்று ஒரு ரோலர் கோஸ்டரின் அச்சு உலோகச் சோர்வால் முறிந்து, பெட்டி தடம் புரண்டு, ஒரு பயணி உயிரிழந்தார். 1992 முதல் ஓடிய அந்தச் சவாரியில் அச்சு ஒருமுறைகூட மாற்றப்பட்டிருக்கவில்லை. அச்சு, கொக்கிப் பின், இணைப்பு போல்ட் ஆகியவற்றை 'நன்றாகத்தானே இருக்கிறது' என்பதற்காக விட்டுவைக்காமல், இத்தனை சுற்றுகளுக்குப் பிறகு கட்டாயம் மாற்றப்படும் என்று எழுதி வைத்து மாற்றுவதே முறை.

புதிய சவாரி என்பதால் விலக்கும் கிடையாது. அமெரிக்காவின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் 2015இல் திறக்கப்பட்ட ஃபியூரி 325 ரோலர் கோஸ்டரின் தூண் ஒன்று முழுவதும் பிளந்து, பெட்டி கடக்கும்போதெல்லாம் விலகி ஆடியதை 2023 ஜூன் மாதத்தில் வீடியோ எடுத்துச் சொன்னவர் ஒரு பார்வையாளர். தூணை மாற்றிய பிறகு ஆகஸ்டில் சவாரி மீண்டும் ஓடியது. தரையிலிருந்து எட்டாத உயரங்களுக்கு அன்றாடம் தொலைநோக்கியாவது எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

முடிவெடுக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. விரிசல் ஓரிடத்தில் ஒருமுறை வந்தால், தயாரிப்பாளர் ஒப்புதல் தந்த முறைப்படி வெல்டிங் செய்து சரிசெய்யலாம். அதே இணைப்பில் மறுபடியும் வந்தாலோ, ஒரே வடிவத்தில் உள்ள பல இணைப்புகளில் அடுத்தடுத்து வந்தாலோ, அந்தப் பகுதி தன் ஆயுளைக் கடந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் வெல்டிங் செய்வது தேதியைத் தள்ளிப்போடுவதே தவிரச் சீரமைப்பு ஆகாது.

தண்டவாளத்தை மட்டும் மாற்றுவது

ஒரு சவாரியை மக்கள் விரும்புகிறார்கள், ஆனால் அதன் எஃகு சோர்ந்துவிட்டது என்ற நிலையில், அதே வடிவத்தில் புதிய தண்டவாளம் போடுவது நல்ல வழி. ஃப்ளோரிடாவில் 1999இல் திறக்கப்பட்ட இன்கிரெடிபிள் ஹல்க், 2015இல் மூடப்பட்டு, அதே பாதையில் முழுவதும் புதிய தண்டவாளத்தோடு 2016இல் திரும்பியது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 1994 முதல் ஓடிய நெமிசிஸ், 2022 நவம்பரில் நிறுத்தப்பட்டு, புதிய தண்டவாளத்தோடு 2024 மார்ச்சில் திறந்தது. இரண்டிலும் பாதை பழையது, எஃகு புதியது. இந்த வழியின் ஆதாயம், இடமும் சுற்றுப்புற அமைப்பும் வரிசையில் நிற்கும் கூடமும் அப்படியே பயன்படுவது. பழைய அடித்தளம் புதிய சுமையைத் தாங்குமா என்பதை மட்டும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மரத்தாலான ரோலர் கோஸ்டர்களின் கதை வேறு. அவற்றின் தண்டவாளம் பல அடுக்கு மரப்பலகைகளின் மேல் எஃகுப் பட்டை பதித்தது; ஆதலால் ஆண்டுதோறும் ஓய்வுப் பருவத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்துப் புதுப் பலகை போட்டுக்கொண்டே போகலாம். குலுக்கல் மிகுந்து, இந்தச் செலவு கட்டுப்படாமல் போகும்போது, மரச் சட்டகத்தை முடிந்தவரை அப்படியே நிறுத்திவைத்து அதன் மேல் எஃகுத் தண்டவாளம் பொருத்தும் வழியை ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம் பிரபலமாக்கியது. 1990இல் திறந்த டெக்சஸ் ஜயண்ட் 2011இலும், அமெரிக்காவின் சீடர் பாயின்ட் பூங்காவில் 1991இல் திறந்த மீன் ஸ்ட்ரீக், 'ஸ்டீல் வெஞ்ஜன்ஸ்' என்ற பெயரில் 2018இலும் இப்படி மறுபிறவி எடுத்தன. ஆனால் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927 முதல் நிற்கும் சைக்ளோன் போன்ற, மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சவாரிகளுக்கு இது பொருந்தாது. அங்கே பழைய முறையில் பழைய வகைப் பொருளைக் கொண்டே சீர்செய்ய வேண்டும்.

சுமையைக் குறைப்பதும் ஒரு சீரமைப்புதான். 1897இல் கட்டப்பட்ட வியன்னாவின் ராட்சத ராட்டினம் 1944இல் தீப்பற்றி எரிந்தது. 1947இல் மீண்டும் சுழன்றபோது, முன்பிருந்த 30 கூண்டுகளில் 15ஐ மட்டுமே பொருத்தினார்கள். பழைய சட்டகத்தின் மீது முழு நம்பிக்கை இல்லாதபோது, ஆட்களின் எண்ணிக்கையையோ வேகத்தையோ குறைத்து ஓட்டுவது கௌரவக் குறைவு அல்ல.

பெட்டிகள், ஏவும் கருவி

புதிய பெட்டிகளை வாங்கும்போது நிர்வாகிகள் இருக்கையின் வசதியைப் பார்க்கிறார்கள். பொறியாளர் முதலில் பார்க்க வேண்டியது எடையை. பெட்டி கனத்தால் வளைவுகளில் தண்டவாளத்தின் மீது விழும் விசையும், பிரேக் நிறுத்த வேண்டிய ஆற்றலும் கூடவே உயரும். பழைய தண்டவாளத்தில் புதிய பெட்டி ஓடும் சவாரியை, சட்டத்தின் கண்ணிலும் கணக்கின் கண்ணிலும் புதிய சவாரியாகவே நடத்துவது பாதுகாப்பு.

பெரிய நிறுவனங்களுக்கும் இது எளிதாக வாய்ப்பதில்லை. சீடர் பாயின்ட்டில் 2003இல் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) விசையால் பெட்டியை வேகமாக ஏவும் அமைப்போடு திறந்த டாப் திரில் டிராக்ஸ்டர், காந்த விசையால் ஏவும் அமைப்பும் புதிய பெட்டிகளும் பெற்று 'டாப் திரில் 2' என 2024 மே மாதத்தில் திறந்தது. சில நாட்களிலேயே பெட்டிகளைத் திருத்துவதற்காக மூடப்பட்டு, 2025இல்தான் மறுபடி ஓடியது. அதே வகை ஹைட்ராலிக் ஏவுதல் கொண்ட, 456 அடி உயர 'கிங்டா கா' என்ற அமெரிக்க ரோலர் கோஸ்டரை அதன் உரிமையாளர்கள் சீர்செய்ய முற்படாமல், 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரே நோய்க்கு இரண்டு பூங்காக்கள் எடுத்த இரண்டு முடிவுகள். இடத்தின் தேவையும் கையிருப்பும் வேறு என்பதால் இரண்டையும் குறை சொல்ல முடியாது.

கட்டுப்பாட்டு அமைப்பு

நல்ல எஃகு கொண்ட சவாரிகளைக்கூட மூடவைப்பது பெரும்பாலும் இந்தப் பகுதிதான், ஆயினும் பட்ஜெட்டில் இதற்குக் கடைசி இடமே கிடைக்கிறது. ரிலேக்களிலோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) பழைய பி.எல்.சி.யிலோ ஓடும் சவாரியில், தண்டவாளத்தின் ஒரு பிரிவுக்குள் ஒரு பெட்டித்தொடர் இருக்கும்போது அடுத்தது நுழையாமல் பிரேக் பிடிக்கும் தர்க்கம் முழுவதையும் முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய நிரலைப் புதிய கருவிக்கு அப்படியே நகலெடுப்பது, பழைய பிழைகளையும் சேர்த்து நகலெடுப்பதாகும். மின்சாரமோ அழுத்தக் காற்றோ நின்றால் பிரேக் தானாக மூட வேண்டும் என்ற விதி எந்தச் சலுகைக்கும் உட்பட்டதல்ல. ஆல்டன் டவர்ஸில் 2015 ஜூன் 2 அன்று நடந்த ஸ்மைலர் ரோலர் கோஸ்டர் விபத்தில், கட்டுப்பாட்டு அமைப்பு பெட்டியைச் சரியாகவே நிறுத்தியது. அதைப் பிழை என்று நினைத்த ஊழியர்கள் அந்தத் தடையைக் கைமுறையாக விலக்கியதால், அது முன்னே நின்றிருந்த காலிப் பெட்டியில் மோதியது. எனவே புதிய அமைப்பில் தடையை விலக்கும் சாவியை இருவர் ஒப்புதலோடு மட்டுமே திறக்கும்படி வைத்து, தடத்தை நடந்து பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று எழுத்தில் விதிக்க வேண்டும்.

பெயின்ட், விளக்கு, அலங்காரம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவை கடைசியில் வரட்டும்.

மறுபடி திறப்பதும் பழையதை அகற்றுவதும்

சோதனை ஓட்டத்தை வெற்றுப் பெட்டிகளோடு தொடங்கி, பிறகு மணல் மூட்டைகளையோ நீர் நிரப்பிய பொம்மைகளையோ ஏற்றி, முழுச் சுமை, பாதிச் சுமை, ஒருபக்கச் சுமை என மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். முடுக்க மானியைப் பொருத்தி எடுத்த அளவுகளை, ஐரோப்பிய இ.என். 13814, சர்வதேச ஐ.எஸ்.ஓ. 17842, இந்தியாவின் ஐ.எஸ். 15475 ஆகிய தர நெறிகளில் உங்கள் ஊருக்குப் பொருந்துவதோடு ஒப்பிட வேண்டும். சென்சார் கம்பியைக் கழற்றியும், ஓட்டத்தின் நடுவில் மின்சாரத்தை நிறுத்தியும், காற்றழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்தும் அமைப்பு என்ன செய்கிறது என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். திறந்த முதல் சில வாரங்களில் புதிய போல்ட்டுகளின் இறுக்கத்தை, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபார்ப்பது அவசியம். புது இணைப்புகள் உட்கார்ந்து தளர்வது இயல்பு. திருவிழாக்களுக்குப் பெயர்த்துச் செல்லப்படும் ராட்டினங்களில் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இந்தச் சோதனை முதலிலிருந்து நடக்க வேண்டும், ஏனெனில் அங்கே பின்களும் துளைகளும் ஓடித் தேய்வதோடு கழற்றி மாட்டுவதாலும் தேய்கின்றன.

அகற்றிய பாகங்களை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. பழைய பெயின்டில் ஈயமும், பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்க வாய்ப்புண்டு என்பதால், வெட்டுவதற்கு முன் பரிசோதித்து, தகுந்த முகக்கவசத்தோடு வேலை செய்ய வேண்டும். விரிசல் கண்ட அச்சுகளையும் இணைப்புகளையும் மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி இரண்டாக அறுத்து, வரிசை எண்ணைப் பதிவேட்டில் கோடிட்டு அடித்து நீக்கி, தேதியிட்டு, அறுத்த துண்டுகளின் படத்தையும் சேர்த்து வைத்த பிறகே எடைக்குப் போட வேண்டும்.