ஓசூர் வளர்ச்சிய ப்ராஜெக்ட்டா எடுக்கறீங்களா? இந்தத் தப்புகள பண்ணிடாதீங்க

டவுன் ப்ளானிங், ஜியாக்ரஃபி, சிவில்னு எது படிச்சாலும் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பசங்க ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கறது பெரும்பாலும் ஓசூர்தான். தப்பில்ல, 1970கள்ல சிப்காட் (அரசு தொழிற்பேட்டை) வந்ததுல இருந்து பாக்க அவ்ளோ விஷயம் இருக்கு. ஆனா எந்த எல்லைய வச்சு, எந்த மாசத்துப் படத்த வச்சு அளக்கறோம்னு கேக்காம அளக்க ஆரம்பிச்சா மொத்த ரிப்போர்ட்டும் போச்சு.

எல்லைய முதல்ல சொல்றேன். 2001 சென்சஸ்ல தர்மபுரி மாவட்டம் 28.56 லட்சம், 2011ல 15.07 லட்சம், அப்படியே எக்ஸல்ல போட்டா பாதி ஜனம் காணாம போன மாதிரி இருக்கும்! நடுவுல 2004 பிப்ரவரில கிருஷ்ணகிரி தனி மாவட்டமா போச்சு, அவ்ளோதான். ஓசூர்லயும் இதே சிக்கல், மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, ஜுஜுவாடியெல்லாம் டவுனோட சேத்ததும் ஜனத்தொகை எகிறுது, ஆனா அந்த வீடுங்க முன்னாடியே அங்கதான இருந்துச்சு, நகந்தது கோடு மட்டும்தான். இன்னைக்கு இருக்கற எல்லைய வச்சு, பின்னாடி சேந்த ஊருங்களோட பழைய கணக்கையும் கூட்டிட்டுத்தான் ஒப்பிடணும்.

சாட்டிலைட் படத்துலதான் நெறைய பேர் கவுந்துடறாங்க. லேண்ட்சாட் சாட்டிலைட் படத்துல ஒரு புள்ளி தரையில 30 மீட்டர், சென்டினல்ல 10 மீட்டர், ரெண்டும் ஃப்ரீயா கெடைக்குதுன்னு டவுன்லோட் பண்ணி, பழசு அக்டோபர்ல எடுத்தது, புதுசு ஏப்ரல்ல எடுத்ததுன்னு எதையும் பாக்காம ஓட்டிடறாங்க. அக்டோபர்ல ராகி பச்சையா நிக்கும், ஏப்ரல்ல அதே புஞ்சை காஞ்ச வெறும் மண்ணா கெடக்கும், சாஃப்ட்வேர் அந்த மண்ண கட்டடம்னு எடுத்துக்கும், கடைசில பாதி தாலுகா கான்கிரீட் ஆயிடுச்சுன்னு மேப் வருது. ரெண்டு படமும் ஒரே சீசன்ல இருக்கணும், அந்த வருஷம் மழை எப்படின்னும் ஒரு பார்வை பாத்துக்கோங்க. இன்னொன்னு, தளி, பாகலூர் பக்கம் ரோஜா வளக்கற பாலிஹவுஸ் மேல இருந்து பாத்தா ஃபேக்டரி ஷெட்டு மாதிரியே பளபளன்னு இருக்கும், ஆனா உள்ள நடக்கறது விவசாயம். இதுக்கு நேர் எதிரா, கல்லு நட்டு மனையா பிரிச்சு வித்துட்ட மாந்தோப்பு படத்துல இன்னும் பச்சையாவே தெரியும். தரையில என்ன இருக்குங்கறது வேற, நெலத்த எதுக்கு வச்சிருக்காங்கங்கறது வேற. ரெண்டாவது தெரியணும்னா வண்டிய எடுத்துட்டு நேர்ல போகணும், சர்வே நம்பர்ல உட்பிரிவு எத்தன ஆயிருக்குன்னு பாக்கணும்.

காகிதத்துக்கு வந்தா, பட்டால புஞ்சைன்னு இருக்கறதால அது மாஸ்டர் ப்ளான்ல விவசாய மண்டலம்னு எழுதிடாதீங்க. பட்டா வருவாய்த்துறை கணக்கு, மண்டலம் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல வர்றது, ரெண்டும் ஒத்துப் போகணும்னு கட்டாயம் இல்ல. அப்பறம் 2017ல வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட அங்கீகாரமில்லாத மனைகளுக்கு, அதனால அங்கீகாரம் வாங்குன தேதிய லே-அவுட் போட்ட தேதியா எடுத்துக்கிட்டா, பத்து வருஷம் முன்னாடி நடந்த வளர்ச்சி ஏதோ நேத்து நடந்த மாதிரி கிராஃப்ல நிக்கும்.

கடைசி அத்தியாயம் பரிந்துரை, அங்க எல்லாரும் அமெரிக்காவுல இருக்கற போர்ட்லாண்ட் நகரத்த உதாரணமா தூக்கிட்டு வந்துடறாங்க. அது இருக்கற ஒரேகான் மாநிலத்துல 1973ல சட்டம் போட்டு, 1979ல போர்ட்லாண்டச் சுத்தி வளர்ச்சி எல்லை, அதாவது நகரம் இதத் தாண்டிப் பரவக் கூடாதுன்னு ஒரு கோடு வந்துச்சு, சரி. ஆனா அங்க இருவது வருஷத்துக்குத் தேவையான நெலம் உள்ளயே இருக்கணும்னு விதி சேந்து வருது, அத விட்டுட்டு கோட்ட மட்டும் காப்பி அடிக்கறாங்க. ஓசூர்ல மனை கேக்கறதுல பெங்களூருக்கும் பங்கு இருக்கு, எல்லை தாண்டி அத்திப்பள்ளி போயிட்டாலே கர்நாடகாவோட 1961 நகர் ஊரமைப்புச் சட்டம், நம்ம கோடு அங்க செல்லாது. இந்தப் பக்கம் மட்டும் இறுக்குனா அந்தப் பக்கம் எவ்ளோ வளர்ச்சி போகும்ங்கற கேள்விய ரிப்போர்ட்ல வைங்க, வைவால கண்டிப்பா கேப்பாங்க.