பெயர்ப் பட்டியலும் மற்ற தவறுகளும்: புதிய ஆசிரியர்களுக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை மாதிரி டெல்டா நகரங்களின் அரசுப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள், நாங்கள் வந்த புதிதில் செய்த தப்புகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பிரம்பு எடுக்காதே என்பதெல்லாம் பி.எட்.டிலேயே சொல்லியாயிற்று. அதை விடுகிறேன்.

பட்டியல் போட்டுப் பிரிப்பது

பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தாள் திருத்தியதும் இது தொடங்கும். 35 எடுக்காதவர்கள் பெயரை எழுதி, ‘மெல்லக் கற்போர்’ என்று தலைப்பிட்டு, தனி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். மாலை வகுப்பு வேண்டியதுதான். பெயர்களை எல்லார் முன்னாலும் வாசிப்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். ‘எனக்குப் படிப்பு ஏறாதுன்னு சாரே சொல்லிட்டார்’ என்று பையன் வீட்டில் போய்ச் சொல்வான். பாத்திரப் பட்டறைக்கு அனுப்பலாமா என்ற பேச்சு அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

அதைவிட மோசம், பட்டியல் ஆசிரியரையும் மாற்றிவிடும். அதிலிருப்பவனிடம் ஒரு மதிப்பெண் கேள்விதான் கேட்போம். பதில் வரும்வரை நிற்கவும் மாட்டோம். அமெரிக்காவில் ரோசென்தால் என்ற உளவியலாளரும் ஜேக்கப்சன் என்ற பள்ளி முதல்வரும் 1968-ல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த பெயர்களைக் காட்டி ‘இவர்கள் இந்த வருஷம் நன்றாக முன்னேறுவார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாகவே முன்னேறினார்கள். அந்த ஆய்வுக்குப் பிறகு நிறைய விமர்சனம் வந்தது, சரி. அதன் தலைகீழ் வடிவத்தை நாம் வருஷா வருஷம் நடத்திக்கொண்டிருக்கிறோமே.

கணக்கில் எப்போதும் தோற்கும் ஒரு பையன், முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் பந்தி பரிமாறப் போவான். இத்தனை இலைக்கு இத்தனை வாளி சாம்பார் என்று விகிதம் தப்பாமல் சொல்வான். புதிதாக வந்த கணக்கு சார் பட்டியல் வாசித்ததில் முதல் பெயர் அவனுடையது. அதற்குப் பிறகு அவன் முகூர்த்தம் இல்லாத நாளிலும் வரவில்லை.

பட்டியல் வேண்டுமென்றால் தவறு வாரியாக எழுதுங்கள். பின்னக் கழித்தலில் தடுமாறுகிறவர்கள் ஒரு தாளில், ஒற்றுப்பிழை விடுகிறவர்கள் இன்னொன்றில். வாராவாரம் பெயர் மாறும். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையும் ஏதாவது ஒரு தாளில் மாட்டும்.

முதல் பீரியடில் தூங்குகிறவனைச் சோம்பேறி என்பது

காலண்டரைப் பாருங்கள். நேற்று முகூர்த்தமா?

பெற்றோரை வரச்சொல்லித் திட்டுவது

அவர்களுக்கு அரைநாள் கூலி போகும். அப்புறம் வரமாட்டார்கள்.

உதவித்தொகை அறிவிப்பை ஒட்டிவிட்டு மறப்பது

எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வானால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும். பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன். படிப்பை நிறுத்த நினைக்கும் வீட்டில் இதைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினால் பேச்சே மாறும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் தகராறில் பணம் நின்றுபோனால், அடுத்த முறை அந்த வீட்டில் நம் பேச்சு எடுபடாது.